வெக்கை நோயும் வில்டபீஸ்ட் கூட்டமும்

டிஸ்கவரி சானலில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். சேறு கலங்கி ஓடும் மாரா ஆறு. கரையில் ஆயிரக்கணக்கில் வில்டபீஸ்ட்கள். மாட்டுக் கொம்பு, குதிரைப் பிடரி, ஆட்டுத் தாடி மூன்றையும் சேர்த்து ஒட்டவைத்த மாதிரி இருக்கும் ஒரு மான் இனம் அது. நெடுநேரம் தயங்கி நிற்கும். ஒன்று குதிக்கும், பிறகு எல்லாமே குதிக்கும். ஆற்றில் முதலைகள் காத்திருக்கும். பின்னணியில் கனத்த குரல்காரர் ஒருவர், காலம் காலமாக மாறாமல் நடந்துவரும் இயற்கையின் நாடகம் இது என்பார்.

நாடகம் என்பதெல்லாம் சரி. அந்த 'மாறாமல்' என்கிற வார்த்தைதான் இடிக்கிறது.

நான் விலங்கியல் படித்தவனில்லை. பி.காம். முடித்துவிட்டு வங்கி வேலைக்கு வந்தவன். ஆனால் இந்த வேலை ஒரு பழக்கத்தைக் கொடுத்திருக்கிறது. எந்தக் கணக்கைப் பார்த்தாலும் இறுதி இருப்போடு நிறுத்தக்கூடாது. ஆரம்ப இருப்பு என்ன, நடுவில் எவ்வளவு வரவு, எவ்வளவு பற்று, யார் பெயரில் என்று பார்க்க வேண்டும். செரெங்கெட்டியின் வில்டபீஸ்ட் கணக்கை அப்படிப் பின்னோக்கிப் புரட்டினால் ஆச்சரியமான ஒரு வரலாறு கிடைக்கிறது. அதில் ஆப்பிரிக்கா இருக்கிறது, இத்தாலி இருக்கிறது, ஜெர்மனி இருக்கிறது. இந்தியாவும் இருக்கிறது. இந்தியா இருக்கும் பக்கத்தில் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு வரி உண்டு.

முதலில், என்ன நடக்கிறது?

செரெங்கெட்டி என்பது மசாய் மொழியிலிருந்து வந்த பெயர். முடிவில்லாத சமவெளி என்று பொருள் சொல்கிறார்கள். தான்சானியாவின் வடக்கில் இருக்கும் செரெங்கெட்டி தேசியப் பூங்காவின் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். தென்கிழக்கில் அதை ஒட்டி ங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதி, சுமார் 8,300 சதுர கிலோமீட்டர். வடக்கே எல்லையைத் தாண்டினால் கென்யாவின் மசாய் மாரா. மாராவின் பரப்பு இவற்றோடு ஒப்பிட்டால் சிறியது, 1,500 சதுர கிலோமீட்டர் அளவுதான். ஆனால் கோடையிலும் தண்ணீர் ஓடும் ஆறு அங்கேதான் இருக்கிறது.

வில்டபீஸ்ட்கள் வருடம் முழுவதும் இந்த மூன்றுக்கும் இடையில் வட்டமாகச் சுற்றுகின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை தெற்கே குட்டைப்புல் சமவெளியில் இருக்கும். அந்த மண் பழைய எரிமலைச் சாம்பல். அதில் முளைக்கும் புல்லில் கால்சியமும் பாஸ்பரசும் அதிகம். பால் கொடுக்கும் தாய்க்கு அது தேவை. அதனால் குட்டி போடுவது அங்கேதான். பெரும்பாலான கன்றுகள் இரண்டு மூன்று வாரத்துக்குள் பிறந்துவிடும். சிங்கமும் கழுதைப்புலியும் எவ்வளவுதான் தின்ன முடியும்? ஒரே சமயத்தில் எல்லோரும் குட்டி போட்டால் பெரும்பகுதி தப்பிக்கும். பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து நின்று ஓடத் தொடங்கிவிடும்.

மே மாதம் மழை நின்றதும் தெற்குச் சமவெளி காயும். கூட்டம் வடமேற்காக நகரும். ஜூலை, ஆகஸ்டில் மாரா. அக்டோபர் இறுதியில் மறுபடி தெற்கே மேகம் கறுக்கும், திரும்பி நடக்கும். கூடவே இரண்டு லட்சம் வரிக்குதிரைகளும், லட்சக்கணக்கில் சிறுமான்களும். மாரா ஆற்றில் மட்டும் வருடத்துக்குச் சராசரியாக 6,000-க்கும் அதிகமான வில்டபீஸ்ட்கள் மூழ்கிச் சாகின்றன என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த உடல்கள் கழுகுக்கும் மீனுக்கும் உணவாகின்றன. எலும்பு கரைந்து பல வருடம் ஆற்றுக்கு உரமாகிறது.

பல பத்தாண்டுகளாக எல்லாப் புத்தகங்களிலும் இருக்கும் எண் 13 லட்சம் வில்டபீஸ்ட். இதுதான் நம் இறுதி இருப்பு. இனி ஆரம்பத்துக்குப் போவோம்.

1887: கப்பலில் வந்த நோய்

மாடு வளர்த்த வீட்டுப் பெரியவர்களிடம் 'வெக்கை நோய்' என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறும். மாட்டுக்குக் காய்ச்சல் அடிக்கும், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், வாயெல்லாம் புண்ணாகும், பிறகு கழிச்சல். ஒரு வாரம் பத்து நாளில் தொழுவம் காலி. உலகம் முழுக்க ரிண்டர்பெஸ்ட் என்று அழைக்கப்பட்டது இதுதான். நம் குழந்தைகளுக்கு வரும் தட்டம்மையின் வைரஸுக்கு நெருங்கிய உறவு.

ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் இது பழைய நோய். இந்தியாவில் மாடுகள் மடிவதைப் பற்றி ஆராய 1871-லேயே ஆங்கில அரசின் ஆணையம் ஒன்று அறிக்கை கொடுத்திருக்கிறது. ஆனால் சஹாராவுக்குத் தெற்கே இருந்த ஆப்பிரிக்காவுக்கு இது அன்னியம். 1887-இல் இத்தாலியப் படை இன்றைய எரித்ரியாவின் மசாவா துறைமுகத்தில் காலூன்றியிருந்தது. படைக்காகக் கப்பலில் கொண்டுவந்த மாடுகளோடு நோயும் இறங்கியது. அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து ஏற்றப்பட்டவை என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் வரலாறு.

பத்தே வருடம். மசாவாவில் இறங்கிய நோய் 1897-க்குள் கண்டத்தின் தென்கோடிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. நடுவில் நூற்றுக்கணக்கான மைலுக்கு வேலி கட்டினார்கள், போலீஸ் காவல் போட்டார்கள். நிற்கவில்லை. போன இடத்தில் எல்லாம் பத்து மாடுகளில் எட்டு ஒன்பது செத்தன. எத்தியோப்பியாவில் உழவு மாடு இல்லாமல் விதைப்பு நின்று, 1888 முதல் 1892 வரை பெரும் பஞ்சம். மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு அழிந்திருக்கலாம் என்கிறார்கள்.

நாம் பேசும் சமவெளிக்கு நோய் 1890, 91 வாக்கில் வந்தது. மசாய் மக்களுக்கு மாடுதான் எல்லாமே. சாப்பாடு பால், சீதனம் மாடு, அபராதம் மாடு, சேமிப்பு மாடு. ஒரே நாளில் ஊரிலுள்ள எல்லா வங்கியும் திவாலானால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் வங்கியே சாப்பாடாகவும் இருந்தால்? கூடவே பெரியம்மையும் வந்தது. 1892-இல் ங்கோரோங்கோரோ பள்ளத்துக்குள் இறங்கிய ஆஸ்திரியப் பயணி ஆஸ்கர் பாவ்மன், எலும்பும் தோலுமாக நின்ற மசாய்களை எழுதி வைத்திருக்கிறார். மசாய்களில் மூன்றில் இரண்டு பங்கு மாண்டிருப்பார்கள் என்பது அவருடைய மதிப்பீடு. மசாய்கள் அந்தக் காலத்தை 'எமுத்தாய்' என்கிறார்கள். துடைத்தெடுத்த அழிவு என்று பொருள்.

இந்த வைரஸ் வீட்டு மாடு, காட்டு மாடு என்று பேதம் பார்ப்பதில்லை. குளம்பு பிளந்து, அசைபோடும் விலங்காக இருந்தால் போதும். காட்டெருமை, ஒட்டகச்சிவிங்கி, வில்டபீஸ்ட் எல்லாம் செத்தன.

காலி நிலம்

இதற்குப் பிறகு நடந்ததுதான் வரலாற்றின் குரூரம். நோய் துடைத்த அதே வருடங்களில்தான் ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் கிழக்கு ஆப்பிரிக்காவைப் பங்கு போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது மனிதர் இல்லாத, மாடு இல்லாத புல்வெளி. மேய்ச்சல் குறைந்ததால் புதர் மண்டியிருந்தது. புதரில் செட்சி ஈ பெருகியது. அந்த ஈ பரப்பும் தூக்க நோய்க்குப் பயந்து மிச்சமிருந்தவர்களும் விலகினார்கள். வந்தவர்களுக்கு முன்கதை தெரியாது. கடவுள் படைத்த நாள் முதல் இது இப்படியே இருந்தது என்று எடுத்துக்கொண்டார்கள். மனிதக் கால்தடம் படாத ஆப்பிரிக்கா என்கிற கற்பனைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

உண்மையில் அது படுகொலை நடந்த வீடு. குடியிருந்தவர்கள் செத்தும் சிதறியும் போன பிறகு வந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டில் யாருமே குடியிருந்ததில்லை என்று பத்திரம் எழுதின கதை.

முதல் உலகப் போருக்குப் பின் அந்தப் பகுதி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. வேட்டைக்காரர்கள் சிங்கத்தைச் சுட்டுத் தள்ளியதால் 1920-களில் வேட்டைக் கட்டுப்பாடு வந்தது. 1951-இல் தேசியப் பூங்கா. அதற்குள் மசாய்கள் மெல்ல மீண்டு, மாடுகளைப் பெருக்கி, பழைய மேய்ச்சல் நிலங்களில் இருந்தார்கள். பூங்காவுக்குள்ளேயே, மோரு என்கிற பாறைக்குன்றுப் பக்கம் அவர்கள் பட்டிகள் இருந்தன. இன்றும் அங்கே பாறைகளில் மசாய் கேடயங்களின் சித்திரங்கள் உண்டு.

அப்பா, மகன், வரிக்குதிரை விமானம்

1950-களில் பூங்காவின் எல்லையை மாற்றுவது பற்றி விவாதம். மசாய்களும் இருக்கட்டும் என்றால் பூங்காவைச் சுருக்கவேண்டும். பூங்கா முழுசாக வேண்டும் என்றால் மசாய்களை அனுப்பவேண்டும். விலங்குகள் எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருகின்றன என்பது அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது.

அதைக் கண்டுபிடிக்க வந்தார்கள் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் விலங்குக் காட்சிசாலை இயக்குனர் பெர்ன்ஹார்ட் கிர்சிமெக்கும் மகன் மிக்கேலும். இருவரும் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒரு சின்ன டோர்னியர் விமானத்துக்கு வரிக்குதிரை மாதிரி கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்துப் பறந்து வந்தார்கள். 1958 ஜனவரியில் மேலிருந்து எண்ணினார்கள். வில்டபீஸ்ட் 99,481.

13 லட்சம் எங்கே, லட்சத்துக்கும் குறைவு எங்கே! விமானத்திலிருந்து கண்ணால் எண்ணியது, விட்டுப்போனவை நிறைய இருக்கும் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். 1961-இல் வேறு குழு எண்ணியபோது இரண்டு லட்சத்துக்குச் சற்று மேலே வந்தது. எப்படிப் பார்த்தாலும் இன்று சொல்லப்படும் எண்ணில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

1959 ஜனவரி 10 அன்று மிக்கேல் ஓட்டிய விமானத்தில் ஒரு கழுகு மோதியது. விமானம் விழுந்து அவர் இறந்தார். வயது 24. ங்கோரோங்கோரோ பள்ளத்தின் விளிம்பிலேயே புதைத்தார்கள். 1987-இல் காலமான அப்பாவின் அஸ்தியும் அதே இடத்துக்கு வந்தது. செரெங்கெட்டி சாகக்கூடாது என்ற பொருள்படும் பெயரில் இருவரும் எடுத்த படம் 1960-இல் சிறந்த ஆவணப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. செரெங்கெட்டியை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது அந்தப் படம்தான். மகனைப் பறிகொடுத்தும் அந்த மண்ணை விடாத அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் அவர் நம்பியது என்ன? பூங்கா என்றால் அதில் மனிதன் வசிக்கக் கூடாது, அந்த மண்ணின் மனிதனும் கூடாது என்பது. கடைசியில் அப்படித்தான் ஆயிற்று. 1958-இல் மசாய் பெரியவர்கள் சிலரிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கப்பட்டது. செரெங்கெட்டியை விட்டு அவர்கள் வெளியேற வேண்டும், பதிலுக்கு ங்கோரோங்கோரோவில் மாடு மேய்த்து வாழலாம். 1959-இல் ங்கோரோங்கோரோ தனிப் பகுதியாகப் பிரிக்கப்பட்டது. மாடும் மனிதனும் வெளியே, விலங்கு உள்ளே. கதை இத்தோடு சுபம் என்று நினைத்தார்கள்.

கன்றுகள் ஏன் செத்தன?

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி.

1890-களின் பெருஞ்சாவு முடிந்தபின் நோய் போய்விடவில்லை. ஒளிந்துகொண்டு வருடா வருடம் வந்துகொண்டிருந்தது. பிழைத்த பெரிய விலங்குகளுக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது. தாய்ப்பால் வழியாகக் கன்றுக்கும் அது கிடைக்கும். ஆனால் ஆறேழு மாதத்தில் தீர்ந்துவிடும். அப்போது வைரஸ் பிடித்துக்கொள்ளும். வருடம்தோறும் லட்சக்கணக்கில் பிறந்தாலும், வளரும் பருவத்தில் கன்றுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. வரவு அத்தனையும் பற்றில் போனால் இருப்பு எப்படி ஏறும்?

1950-களிலும் 60-களிலும் கிழக்கு ஆப்பிரிக்காவில் மாடுகளுக்கு வெக்கைத் தடுப்பூசி பெரிய அளவில் போடப்பட்டது. கென்யாவின் முகுகா ஆய்வகத்தில் வால்டர் பிளவ்ரைட் என்ற ஆங்கிலேயக் கால்நடை விஞ்ஞானி திசு வளர்ப்பு முறையில் ஒரு தடுப்பூசி கண்டுபிடித்தார். மலிவு, பாதுகாப்பு, ஒரு ஊசி போட்டால் ஆயுளுக்கும் போதும். (1999-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.) செரெங்கெட்டியைச் சுற்றியிருந்த மசாய்களின் மாடுகளுக்கும், மேற்கே சுகுமா விவசாயிகளின் மாடுகளுக்கும் ஊசி போட்டார்கள்.

கவனியுங்கள், ஊசி போட்டது வீட்டு மாட்டுக்கு மட்டும்தான். காட்டு விலங்கு ஒன்றுக்குக்கூடப் போடவில்லை. ஆனால் 1963 வாக்கில் பிளவ்ரைட் வில்டபீஸ்ட் கன்றுகளின் ரத்தத்தைச் சோதித்தபோது நோய் தாக்கியதற்கான தடயமே இல்லை. மாட்டில் நின்றதும் காட்டிலும் நின்றுவிட்டது. அதுவரை காட்டு விலங்குதான் மாட்டுக்கு நோய் கொடுக்கிறது என்று பலர் நினைத்திருந்தார்கள். நடந்தது தலைகீழ். மாட்டிலிருந்துதான் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதன்பிறகு எண்ணிக்கை பிய்த்துக்கொண்டு ஏறியது. 1971-இல் ஏழு லட்சத்தைத் தொட்டது. 1977-இல் 13, 14 லட்சம். பதினாறு வருடத்தில் ஐந்து மடங்குக்கு மேல். காட்டெருமையும் பல மடங்கு பெருகியது. 1970-களில் கோடை மழை நன்றாகப் பெய்ததும் ஒரு காரணம். அப்படியானால் மழைதான் முழுக்காரணம் என்று சொல்லலாமே? அங்கேதான் வரிக்குதிரை சாட்சி சொல்ல வருகிறது. வரிக்குதிரை அசைபோடாது, அதற்கு வெக்கை நோய் வராது. அதே மழை, அதே புல், அதே சிங்கம். ஆனால் வரிக்குதிரை எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே நின்றது. 1960-களிலிருந்து அங்கே ஆய்வு செய்த டோனி சிங்க்ளேர் போன்றவர்கள் இந்த ஒப்பீட்டைத்தான் முக்கிய ஆதாரமாக வைத்தார்கள்.

வில்டபீஸ்ட் பெருகியதும் புல் மேயப்பட்டது. காய்ந்த புல் குறைந்ததால் காட்டுத்தீ குறைந்தது. தீ குறைந்ததும் மரக்கன்றுகள் பிழைத்து வளர்ந்தன. ஒரு மாட்டு ஊசி ஒரு நிலப்பரப்பின் முகத்தையே மாற்றிவிட்டது. டிவியில் நாம் பார்க்கும் 'ஆதிகால' ஆப்பிரிக்கா பெரும்பாலும் 1963-க்குப் பின் எழுந்து நின்றது.

முக்தேஸ்வர், வேலூர்

நான் இப்போது வேலை பார்ப்பது உத்தரப் பிரதேசத்தின் பரேலியில். இங்கே இஸ்ஸத்நகரில் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் இருக்கிறது. 1889-இல் புனேயில் ஒரு நுண்ணுயிர் ஆய்வகமாகத் தொடங்கி, 1893-இல் குமாவோன் மலையில் முக்தேஸ்வருக்கு மாறியது. ஊரை விட்டுத் தள்ளி மலைமேல் வைத்ததற்குக் காரணமே வெக்கை மாதிரியான தொற்று நோய்களை அங்கே வைத்துச் சோதிக்க வேண்டும் என்பதுதான். 1920-களில் அங்கே ஜே.டி. எட்வர்ட்ஸ் வைரஸை ஆட்டின் உடலில் திரும்பத் திரும்ப ஏற்றி வீரியம் குறைத்து ஒரு தடுப்பூசி செய்தார். இதே ஆட்டு வழியில் கென்யாவின் கபேத்தே ஆய்வகத்திலும் ஒரு தடுப்பூசி செய்யப்பட்டது. நோய் போன வழியிலேயே மருந்துக்கான யோசனையும் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1954-இல் தேசிய வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. மாட்டாஸ்பத்திரி ஊழியர்கள் ஐஸ் டப்பாவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போன காலம் அது. இந்தியாவில் கடைசியாக இந்நோய் பதிவானது 1995-இல், தமிழ்நாட்டின் வட ஆற்காடு பகுதியில், அதாவது வேலூர்ப் பக்கம். கறவை மாட்டுக் கடன் கொடுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு தொழில் அடையாளமும் உண்டு. மாட்டு இன்சூரன்ஸ் நிபந்தனைகளில் வெக்கைத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்ற வரி நெடுங்காலம் இருந்தது. இன்று காதுவில்லை கேட்கிறோம், டாக்டர் சான்று கேட்கிறோம். வெக்கை ஊசி போட்டாயா என்று யாரும் கேட்பதில்லை. தேவையும் இல்லை.

ஆப்பிரிக்காவில் கடைசிக் கட்டம் கடினமாக இருந்தது. பிளவ்ரைட் ஊசி குளிர்சாதனத்தில் இருக்க வேண்டும். பாலைவனத்தில் அலையும் மேய்ப்பர்களிடம் ஐஸ் ஏது? 1990 வாக்கில் ஜெஃப்ரி மரைனர் என்ற அமெரிக்கர் வெயிலைத் தாங்கும் மாதிரி அதை மாற்றினார். பிறகு மேய்ப்பர்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்கள் கையாலேயே ஊசி போட வைத்தார்கள். அரசாங்க ஜீப் போக முடியாத இடத்துக்கு அவர்கள் நடந்தே போனார்கள். உலகத்தில் கடைசியாக வெக்கை நோய் தென்பட்டது 2001-இல், கென்யாவின் மேரு பூங்கா காட்டெருமைகளில். 2011-இல் நோய் அழிந்ததாக ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு அறிவித்தது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் உலகிலிருந்தே ஒழித்த இரண்டாவது நோய் இது. இரண்டாவதற்கு நாம் பட்டாசு வெடித்ததாக நினைவில்லை. மாட்டு வியாதிதானே!

வேலி போட்ட நாடு

மாட்டு நோய்க்கு வேறு வைத்தியம் செய்த நாடும் உண்டு. தெற்கே போட்ஸ்வானா. அங்கே பிரச்சினை கோமாரி நோய். ஐரோப்பாவுக்கு மாட்டிறைச்சி விற்க வேண்டும் என்றால் காட்டெருமையோடு மாடு கலக்கக் கூடாது. அதற்காக நாடு முழுக்க நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கம்பிவேலி போட்டார்கள். 1958-இல் போட்ட குக்கே வேலி அதில் பெயர்பெற்றது. மிக்கேலும் அப்பாவும் செரெங்கெட்டியில் எண்ணிக்கொண்டிருந்த அதே வருடம்.

கலஹாரி பாலைவனத்திலும் வில்டபீஸ்ட்கள் வலசை போகும். மழை பொய்த்தால் வடக்கே தண்ணீர் தேடி நடக்கும். வேலி குறுக்கே நின்றது. 1960-களிலும், பிறகு 1980-களின் வறட்சியிலும் வேலியோரமாக நடந்து நடந்து பல்லாயிரக்கணக்கில் தாகத்தில் செத்தன. அந்தக் கூட்டம் இன்றுவரை பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

அதே போட்ஸ்வானாவில் ஓர் ஆறுதலான சங்கதியும் உண்டு. ஒகவாங்கோவுக்கும் மக்கடிக்கடி உப்புச் சமவெளிக்கும் நடுவே 1968-இல் போட்ட வேலியை 2004-இல் எடுத்தார்கள். சில வருடத்திலேயே வரிக்குதிரைகள் அந்தப் பழைய வழியில் நடக்கத் தொடங்கின. வழி தெரிந்த தலைமுறை ஒன்றுகூட அப்போது உயிரோடு இருந்திருக்காது. மறித்ததை எடுத்தால் போதும், அவை பார்த்துக்கொள்ளும் போலிருக்கிறது.

பற்று யார் பெயரில்?

இப்போது கணக்கைக் கூட்டுவோம். 13 லட்சம் என்ற இருப்பு உண்டானது மேய்ப்பர்களின் மாடுகள் நலமானதால். அதன் செலவை ஏற்றதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

முதல் செலவு, 1959-இல் இழந்த நிலம்.

இரண்டாவது, வெளியில் அதிகம் பேசப்படாதது. வில்டபீஸ்ட் கன்றுகளின் கண் நீரிலும் மூக்குச் சளியிலும் வேறு ஒரு வைரஸ் உண்டு. கன்றுகளை அது ஒன்றும் செய்யாது. மாட்டுக்குத் தொற்றினால் மாடு பிழைப்பது அரிது. இதையும் ஆய்வகத்தில் பிரித்தெடுத்து உறுதி செய்தவர் அதே பிளவ்ரைட்தான், 1960-இல். மசாய்களுக்கு அதற்கு வெகுகாலம் முன்பே அனுபவத்தில் தெரியும். அதனால் வில்டபீஸ்ட் குட்டி போடும் மாதங்களில் மாடுகளைக் குட்டைப்புல் பக்கம் விடாமல் மேட்டுக்கு ஓட்டிப் போவார்கள். வில்டபீஸ்ட் குறைவாக இருந்த காலத்தில் ஒதுங்குவது எளிது. பத்து லட்சம் தாண்டிய பிறகு? வருடத்தின் மிகச் சத்தான புல், அவர்கள் மாட்டுக்கு எட்டாத புல் ஆகிவிட்டது. அவர்கள் மாட்டுக்குப் போட்ட ஊசியால் பெருகிய கூட்டம் அவர்கள் மாட்டின் மேய்ச்சலை எடுத்துக்கொண்டது. இதற்கு யாரும் வட்டி கட்டவில்லை.

மூன்றாவது, 1959-இல் பதிலுக்குக் கொடுத்த ங்கோரோங்கோரோவும் இப்போது கேள்விக்குறி. அன்று பத்தாயிரம் அளவில் இருந்த மக்கள் இன்று லட்சம் அளவில் இருக்கிறார்கள். மாடு பெருகிவிட்டது, இடம் தாங்காது என்கிறது தான்சானிய அரசு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2022 முதல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ம்சொமேரா என்ற இடத்துக்குக் குடும்பங்களை மாற்றத் தொடங்கினார்கள். விரும்பிப் போகிறார்கள் என்றது அரசு. வேறு வழியில்லாமல் என்கிறார்கள் பலர். அதே 2022 ஜூனில் பக்கத்து லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டரை வேட்டை ஒதுக்கமாக அளந்து கல் நட வந்தபோது மோதல். ஒரு போலீஸ்காரர் இறந்தார், மசாய்கள் பலர் காயம்பட்டு எல்லை தாண்டி கென்யாவுக்கு ஓடினார்கள்.

மேய்ப்பர் இல்லாவிட்டால் நிலம் தப்பிக்கும் என்பவர்கள் கென்யாப் பக்கம் ஒரு நடை போய்வரலாம். மாராவுக்கு வடகிழக்கே லோய்த்தா சமவெளியிலிருந்து மாராவுக்கு வரும் இன்னொரு வலசை இருந்தது. 1970-களின் இறுதியில் லட்சத்துக்கு மேல். இப்போது முக்கால் பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. கோதுமைப் பண்ணைகள் வந்தன. பொது மேய்ச்சல் நிலம் தனித்தனிப் பட்டாவாகப் பிரிந்தது, ஆளுக்கு ஆள் வேலி போட்டார்கள். மாடு மேய்க்கும் திறந்த நிலத்தில் வில்டபீஸ்ட் நடக்க முடியும். கம்பிவேலிக்குள் முடியாது. ஆகவே அந்த நிலத்தில் மாடுகளோடு ஒரு மேய்ப்பர் இருப்பது வலசைக்கு எதிரி அல்ல. பல இடங்களில் அதுதான் வலசைக்குக் கிடைத்த கடைசி வழி.

கடைசியாக ஒரு தணிக்கைக் குறிப்பு. செயற்கைக்கோள் படங்களைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்து எண்ணிய ஒரு ஆய்வு 2025-இல் வெளியானது. 2022, 2023 ஆகஸ்ட் மாதப் படங்களில் கிடைத்த வில்டபீஸ்ட் எண்ணிக்கை ஆறு லட்சத்துக்கும் கீழே. 13 லட்சம் என்பது விமானப் படத்தில் சில பட்டைகளை மட்டும் எண்ணி விரித்துச் சொல்லும் மதிப்பீடு. உண்மையிலேயே குறைந்துவிட்டதா, எண்ணும் முறையில் வித்தியாசமா, கூட்டத்தின் ஒரு பகுதி படத்துக்கு வெளியே இருந்ததா என்று நிபுணர்கள் வாதிடுகிறார்கள். வாதிடட்டும். மறுபடி எண்ணட்டும்.

எண்ணும்போது ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டால் நல்லது. சுற்றியிருக்கும் மாடுகள் எத்தனை, அவற்றின் உடம்பு எப்படி, அவற்றை வளர்ப்பவருக்கு மேய்க்க நிலம் மிச்சமிருக்கிறதா என்று. 1890-இலும் 1963-இலும் வில்டபீஸ்டின் தலைவிதியை எழுதியது அந்தப் பத்திதான்.